ஒரிஜின்/மெயின் எங்கே இருக்கிறது?

போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டான். "அண்ணா, மதியமே புஷ் பண்ணிட்டேன்னு சொன்னீங்கல்ல, அது சர்வர்ல வரவே இல்ல, பாருங்க" என்று திரையைக் காட்டினான். புஷ் என்றால் நம் மெஷினில் உள்ள மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது. கோடின் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியில் கிட் லாக் ஒரிஜின்/மெயின் என்று அடித்திருந்தான், முந்தின நாள் கமிட்தான், அதாவது அன்று பதிவான மாற்றம்தான், மேலே நின்றது. "ஃபெட்ச் பண்ணியா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, ஒரிஜின்னு போட்டுத்தானே பாக்குறேன், அது சர்வர்தானே?" என்றான்.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து வருடம் கிட் பயன்படுத்தியவர்களிடமும் இதே நம்பிக்கையைப் பார்த்திருக்கிறேன். ஒரிஜின்/மெயின் என்று நாம் பார்ப்பது நம் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் ஒரு குறிப்பு. கடைசியாக சர்வரோடு பேசியபோது அங்கே மெயின் என்ற பிரான்ச் (கமிட்டுகளின் ஒரு தொடர்) எந்தக் கமிட்டில் நின்றதோ அதை கிட் எழுதி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். வைஃபையை அணைத்துவிட்டு அதே கமாண்டை அடித்துப் பாருங்கள், அதே பதில் வரும். காலையில் ஊருக்குப் போன் போட்டபோது அம்மா "இங்க நல்ல மழைடா" என்று சொல்லியிருப்பார். சாயங்காலமும் மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் மறுபடி போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஃபெட்ச் என்பது அந்தப் போன்.

இது பிடிபட்டுவிட்டால் ரிமோட் (நாம் தொடர்புகொள்ளும் இன்னொரு பிரதி) விஷயத்தில் வரும் குழப்பத்தில் பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். அதனால்தான் கமாண்ட் பட்டியலைக் கொடுக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் .கிட் என்று மறைவாக ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் கான்ஃபிக் என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்தால் ரிமோட் ஒரிஜின் என்ற தலைப்பும் அதன் கீழே இரண்டு வரிகளும் தெரியும். முதல் வரி யூஆர்எல், அதாவது முகவரி. இரண்டாவது வரி ஃபெட்ச் என்று தொடங்கும், பார்த்தால் கொஞ்சம் மிரட்டும்: ஒரு பிளஸ் குறி, அப்புறம் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/ என்று போய் ஒரு நட்சத்திரக் குறி, நடுவில் ஒரு முக்காற்புள்ளி, அதற்கு அந்தப் பக்கம் ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஒரிஜின்/ என்று போய் இன்னொரு நட்சத்திரம். முக்காற்புள்ளிக்கு இடது பக்கம் இருப்பது சர்வரில் உள்ள பிரான்ச்சுகள், வலது பக்கம் இருப்பது அவற்றைப் பற்றிய குறிப்பை என் மெஷினில் எங்கே எழுத வேண்டும் என்பது. முன்னால் நிற்கும் பிளஸ் குறிக்கும் ஒரு வேலை உண்டு: அங்கே யாராவது வரலாற்றையே மாற்றி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, என் பழைய குறிப்பை அழித்துவிட்டுப் புதியதை எழுது என்று அது சொல்கிறது. ரிமோட் என்ற முழு விஷயமும் இந்த இரண்டு வரிதான்: ஒரு பெயர், ஒரு முகவரி, குறிப்பு எழுதும் விதி.

ஒரிஜின் என்ற பெயருக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. கிளோன் செய்யும்போது, அதாவது முழுப் பிரதி எடுக்கும்போது, பெயர் எதுவும் சொல்லாவிட்டால் கிட் தானாக வைக்கும் பெயர் அது. ரிமோட் ரீநேம் போட்டு அதை வீடு என்று மாற்றினாலும் எல்லாம் அப்படியே ஓடும், குறிப்புகளையும் பிரான்ச் செட்டிங்குகளையும் கிட்டே சேர்த்து மாற்றிவிடும். அதே மாதிரி கிட் ரிமோட் ரிமூவ் என்று அடிக்கப் பலர் பயப்படுகிறார்கள், சர்வரில் இருக்கும் ரெப்போவே (கோடும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்பே) போய்விடுமோ என்று. போகாது. உங்கள் போனில் ஒரு நம்பரை அழித்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கான்ஃபிக்கில் இருந்த வரிகளும், அந்த ரிமோட்டைப் பற்றி உங்களிடம் இருந்த குறிப்புகளும்தான் அழியும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்பதற்கு 2005க்குப் போக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு, கிட் செய்யும் அதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற நிறுவன மென்பொருளை 2002லிருந்து இலவச அனுமதியில் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதன் நெறிமுறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆராய்ந்து அதோடு பேசும் ஒரு கருவி எழுத, பிட்கீப்பரின் லாரி மெக்வாய் இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து கிட் எழுதத் தொடங்கினார், சில நாட்களிலேயே கிட்டின் சொந்தக் கோடையே கிட்டில் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோ கைக்குப் போனது, அவர்தான் அன்றிலிருந்து பராமரிக்கிறார்.

அதற்கு முன்பு பெரும்பாலானோர் பழகியிருந்தது சிவிஎஸ், சப்வெர்ஷன் மாதிரியான கருவிகள். அவற்றில் வரலாறு முழுவதும் ஒரே சர்வரில் இருக்கும், உங்கள் மெஷினில் இருப்பது வேலை செய்வதற்கான ஒரு பிரதி. கமிட் போடவே சர்வர் வேண்டும். கெர்னல் வேலை அப்படி நடப்பதில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர், ஆளுக்கொரு மரம் (கோடின் தனிப் பிரதி), நெட்வொர்க் பகுதியைப் பார்ப்பவர் தன் மரத்தில் சேர்த்து வைப்பார், லினஸ் அதை இழுத்துக்கொள்வார். நடுவில் ஒரு சர்வர் என்று ஒன்றைக் கருவி கட்டாயப்படுத்தவில்லை. லினஸின் ரெப்போ மையம் என்றால் எல்லோரும் அவரை நம்புகிறார்கள் என்பதால்தான். ஆகவே கிட்டுக்கு எல்லா ரெப்போவும் சமம், மற்ற ரெப்போக்கள் எல்லாம் ஏதோ ஒரு முகவரி. அந்த முகவரி இன்னொரு கண்டத்தில் இருக்கும் சர்வராக இருக்கலாம், பக்கத்து ஃபோல்டராகவும் இருக்கலாம், பென்டிரைவாகவும் இருக்கலாம்.

2011 ஆகஸ்டில் கெர்னல் ரெப்போக்களை வைத்திருந்த கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியது தெரியவந்தபோது இந்த வடிவமைப்பு எவ்வளவு உதவியது என்று பார்க்க முடிந்தது. ஒவ்வொரு கமிட்டும் தன் உள்ளடக்கத்தையும் தன் முன்னோரையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹேஷ் எண்ணால் அடையாளம் காணப்படுவதால், பழைய கமிட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த எல்லா எண்களும் மாறும், ஆயிரக்கணக்கானோர் கையில் இருக்கும் பிரதிகளோடு ஒத்துப்போகாது. சர்வரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நாட்களில் லினஸ் தன் மரத்தை, ரெப்போக்களை வைத்துத்தரும் கிட்ஹப் என்ற தளத்தில் ஏற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். முகவரிதான் மாறியது.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். புல் என்பது தனியான ஒரு செயல் கிடையாது, ஃபெட்ச் செய்துவிட்டு உடனே மெர்ஜோ (வந்ததை நம்முடையதோடு இணைப்பது) ரீபேஸோ (நம் கமிட்டுகளை வந்ததன் மேல் மறுபடி அடுக்குவது) செய்வது. ஃபெட்ச் மட்டும் செய்தால் உங்கள் பிரான்ச்சில் ஒரு எழுத்தும் மாறாது, குறிப்புகள் மட்டும் புதுப்பிக்கப்படும். அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் கவலையின்றி ஃபெட்ச் செய்யலாம். நான் புதியவர்களுக்குச் சொல்வது, முதல் மூன்று மாதம் புல்லைத் தொடாதீர்கள், ஃபெட்ச் செய்து, என்ன வந்திருக்கிறது என்று லாக்கில் பார்த்து, அப்புறம் மெர்ஜ் செய்யுங்கள் என்று. கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் இரண்டு மாற்றங்கள் மோதும் கான்ஃப்ளிக்ட் வரும்போது எது எங்கிருந்து வந்தது என்று கைக்குத் தெரியும்.

ஃபெட்ச் செய்தாலும் ஒன்று மிச்சமிருக்கும். சர்வரில் அழித்த பிரான்ச்சுகளின் குறிப்புகள் உங்களிடம் அப்படியே தங்கிவிடும், கிட் தானாக அழிப்பதில்லை. ஃபெட்ச்சோடு --புரூன் சேர்த்தால் போய்விடும், அல்லது ஃபெட்ச்.புரூன் என்ற செட்டிங்கை ஒருமுறை ட்ரூ என்று வைத்துவிட்டால் மறந்துவிடலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட ரிமோட் வரும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. திறந்தமூல புராஜெக்ட் ஒன்றுக்குப் பங்களிக்கிறீர்கள் என்று வையுங்கள். மூல ரெப்போவில் உங்களுக்கு எழுதும் உரிமை இருக்காது, உங்கள் கணக்கில் அதன் பிரதியாக ஒரு ஃபோர்க் எடுப்பீர்கள். ஃபோர்க்கை கிளோன் செய்தால் அது ஒரிஜின். மூல ரெப்போவைக் கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம் என்று முகவரியோடு சேர்ப்பது வழக்கம். வழக்கம்தான், விதி இல்லை. எடுப்பது அப்ஸ்ட்ரீமிலிருந்து, கொடுப்பது ஒரிஜினுக்கு. ரிமோட்.புஷ்டிஃபால்ட் என்ற செட்டிங்கில் ஒரிஜின் என்று வைத்துவிட்டால், பிரான்ச் அப்ஸ்ட்ரீமைப் பின்தொடர்ந்தாலும் புஷ் உங்கள் ஃபோர்க்குக்கே போகும். பலருக்கு இது தெரியாமல் ஒவ்வொரு முறையும் ரிமோட் பெயரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவேளை அப்ஸ்ட்ரீமில் உங்களுக்கு எழுதும் உரிமையும் இருக்கிறது, ஆனால் தவறிப்போய்க்கூட நேரடியாகப் புஷ் ஆகிவிடக் கூடாது என்றால் ஒரு எளிய வழி இருக்கிறது. கிட் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் எடுக்க ஒரு முகவரி, கொடுக்க இன்னொரு முகவரி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள விடும். செட்-யூஆர்எல் --புஷ் என்று போட்டு, கொடுக்கும் முகவரியாக 'இங்கே-புஷ்-வேண்டாம்' என்று எதையாவது எழுதிவிடுங்கள். ஃபெட்ச் வழக்கம்போல நடக்கும், புஷ் அந்தப் பொய் முகவரியில் முட்டி நின்றுவிடும்.

இதே வசதியை வைத்து ஒரே புஷ்ஷில் இரண்டு இடத்துக்கு அனுப்பவும் முடியும், கிட்ஹப்புக்கும் அதே மாதிரித் தளமான கிட்லேபுக்கும் சேர்த்து. இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே இதில் மாட்டி இரண்டு வாரம் கவனிக்காமல் இருந்தேன். கொடுக்கும் முகவரி என்று தனியாக ஒன்றைச் சேர்த்த அந்த நிமிடமே, பழைய முகவரிக்குப் புஷ் போவது நின்றுவிடும். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறோம் என்று நாம் நினைப்போம். ஆனால் பழைய முகவரி எடுப்பதற்கு மட்டும் என்றாகிவிடும். ஆகவே இரண்டையுமே கொடுக்கும் முகவரிகளாகச் சேர்க்க வேண்டும், பழையதையும் சேர்த்து. செய்து முடித்தபின் கிட் ரிமோட் -வி என்று அடித்து, ஃபெட்ச் என்று ஒரு வரியும் புஷ் என்று இரண்டு வரிகளும் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து ஃபோர்ஸ் புஷ். சாதாரணப் புஷ்ஷில் கிட் ஒன்றைப் பார்க்கும்: சர்வரில் இருப்பதன் தொடர்ச்சியாக நீங்கள் கொண்டுவருவது இருக்கிறதா என்று. இல்லையென்றால் மறுத்துவிடும். --ஃபோர்ஸ் போட்டால் அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டு நம்முடையதை அங்கே வைக்கச் சொல்கிறோம், நடுவில் வேறு யாரோ போட்ட கமிட்டுகள் பிரான்ச்சிலிருந்து காணாமல் போகும். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற திறந்தமூலத் திட்டத்தில் இது பெரிய அளவில் நடந்தது. ஒரு டெவலப்பரின் மெஷினிலிருந்து தவறுதலாக 180க்கும் மேற்பட்ட ரெப்போக்களுக்கு ஃபோர்ஸ் புஷ் போய், பிரான்ச்சுகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. கமிட்டுகள் உடனே அழிவதில்லை, எதுவும் சுட்டாமல் சர்வரில் கிடக்கும் என்பதால் கிட்ஹப் உதவியோடு மீட்டார்கள்.

அதே மாதம் வெளிவந்த கிட் 1.8.5 பதிப்பில்தான் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் வந்தது. என் குறிப்பில் சர்வர் எங்கே நின்றதோ அங்கேயே இன்னும் நின்றால் மட்டும் மேலே எழுது, நடுவில் யாராவது எதையாவது போட்டிருந்தால் நிறுத்திவிடு என்று அர்த்தம். நல்ல பாதுகாப்பு. ஆனால் அம்மாவின் மழைக்கதை இங்கே மறுபடி வருகிறது. நிறைய எடிட்டர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் தாங்களே ஃபெட்ச் செய்துகொள்ளும். சக ஊழியர் ஒரு கமிட் போடுகிறார், எடிட்டர் ஃபெட்ச் செய்து குறிப்பைப் புதுப்பித்துவிடுகிறது, நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது நீங்கள் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போட்டால், குறிப்பும் சர்வரும் ஒத்துப்போகின்றன, எனவே கிட் அனுமதித்துவிடும், அவருடைய கமிட் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்க 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பில் --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் சேர்த்தார்கள். அங்கிருந்து வந்ததை நீங்கள் உண்மையிலேயே உங்கள் பிரான்ச்சில் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்றும் அது பார்க்கும். இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன ஏலியஸாக (சுருக்கப் பெயராக) வைத்துக்கொள்ளுங்கள், வெறும் --ஃபோர்ஸை அடிக்கும் பழக்கத்தையே கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முகவரி விஷயத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ், எஸ்எஸ்ஹெச் என்று இரண்டு வகை. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப், ஹெச்டிடிபிஎஸ் வழியில் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, டோக்கன் என்று தனியாக உருவாக்கும் ரகசிய எழுத்துத் தொடர் வேண்டும். அப்போது அவசரத்துக்குப் பலர் செய்தது, டோக்கனை யூஆர்எல்லுக்குள்ளேயே ஒட்டியது. வேலை நடக்கும். ஆனால் அது கான்ஃபிக் ஃபைலில் அப்படியே எழுத்தாக உட்கார்ந்திருக்கும், மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்துகொண்டு கிட் ரிமோட் -வி அடித்தால் எல்லோருக்கும் தெரியும். நான் இப்படி ஒன்றை நேரில் பார்த்து, பேசிக்கொண்டிருந்தவரை நடுவில் நிறுத்தி, டோக்கனை உடனே ரத்து செய்யச் சொன்னேன். கிரெடென்ஷியல் ஹெல்பர் என்று கிட்டிலேயே வசதி இருக்கிறது, அல்லது எஸ்எஸ்ஹெச் கீ வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்ஹெச்சிலும் எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப், தன் சர்வரை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது, அந்தக் கீயின் ரகசியப் பாதி கொஞ்ச நேரம் ஒரு பொது ரெப்போவில் வெளிப்பட்டுவிட்டதால். அன்று நிறைய பேருக்குப் புல் செய்யும்போது மறுமுனையின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சரியான நடைமுறை, கிட்ஹப் வெளியிட்ட புதிய கைரேகை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்வது. எச்சரிக்கையையே அணைத்துவிடச் சொன்ன ஆலோசனைகளும் அன்று சுற்றின, அவை ஆபத்தானவை, ஏனென்றால் நடுவில் வேறு யாராவது உட்கார்ந்து சர்வர் வேடம் போட்டாலும் வருவது இதே எச்சரிக்கைதான்.

முகவரி நிலையானது என்று நினைத்துவிடவும் கூடாது. ரெப்போக்களை வைத்திருந்த கூகுள் கோட் என்ற தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. இன்னொரு தளமான கிட்டோரியஸை 2015ல் கிட்லேப் வாங்கி அதே ஆண்டு மூடியது. கிட்டுக்குப் போட்டிக் கருவியான மெர்க்குரியலுக்காகவே பிறந்த பிட்பக்கெட் தளம் 2020ல் மெர்க்குரியலையே கைவிட்டது. இந்தியாவிலேயே 2014 டிசம்பரில் அரசு உத்தரவில் முடக்கப்பட்ட 32 தளங்களில் கிட்ஹப்பும் இருந்தது, சிலருக்கு அது சில நாள் திறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் கையில் முழு கிளோன் வைத்திருப்பவர் லோக்கலில் கமிட் போட்டுக்கொண்டே இருக்கலாம், இன்னொரு ரிமோட் சேர்த்து அங்கே புஷ் செய்யலாம்.

இடம் மாற்றுவது கஷ்டமில்லை. கிளோன் --மிரர் என்று எடுத்து, புதிய இடத்துக்குப் புஷ் --மிரர் என்று அனுப்பினால் எல்லாப் பிரான்ச்சும் டேகும் (கமிட்டுக்கு வைத்த பெயர்க்குறியும்) போய்விடும், அப்புறம் டீமில் எல்லோரும் செட்-யூஆர்எல் அடித்து முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். கிட்ஹப்பில் ரெப்போ பெயரை மாற்றினால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடப்படும் என்பதால் சிலர் இதைச் செய்வதே இல்லை. அந்தப் பழைய பெயரில் யாராவது புது ரெப்போ தொடங்கினால் திருப்பிவிடுவது நின்றுவிடும், உங்கள் பில்ட் சர்வர் அந்தப் புது ரெப்போவின் கோடை எடுத்துக்கொள்ளும். மாற்றிவிடுங்கள்.

மிரரில் வராதவையும் உண்டு: இஷ்யூ, ரிவ்யூவில் நடந்த உரையாடல், விமர்சனக் குறிப்புகள். அவை அந்தத் தளத்தின் டேட்டாபேஸில் இருப்பவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டபோது சுமார் 6 மணி நேரத்து இஷ்யூக்களும் கமென்ட்களும் போயின, கிட் ரெப்போக்கள் தப்பின. ஒரு மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்பதைக் கமிட் மெசேஜிலேயே எழுத வேண்டும் என்று நான் டீமில் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாக ஒன்று, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். மிரர் இருக்கிறது, அதனால் பேக்கப் தேவையில்லை என்று நினைத்தவர்களில், லினக்ஸுக்கு டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஈ குழுவும் ஒன்று. 2013 மார்ச்சில் அவர்களின் முக்கிய கிட் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கியபோது ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போயிருந்தது. மிரர் சர்வர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன: முக்கிய சர்வரில் இருப்பதை அப்படியே பின்பற்றின. எந்தெந்த ரெப்போ இருக்கிறது என்ற பட்டியலே கெட்டிருந்ததால், இவையெல்லாம் நீக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு தங்களிடம் இருந்த நல்ல பிரதிகளையும் அழித்தன. சுமார் 1500 ரெப்போக்கள். ஒரே ஒரு மெஷினில் அதிர்ஷ்டவசமாகக் கெடாத பிரதி மிஞ்சியிருந்ததால் அந்தத் திட்டம் பிழைத்தது.

பேக்கப் என்றால் அது சர்வரைப் பின்பற்றக் கூடாது, ஒரு தேதியில் உறைந்து நிற்க வேண்டும். கிட்டில் இதற்கு பண்டில் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. கிட் பண்டில் கிரியேட் என்று ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்து --ஆல் போட்டால், ரெப்போவின் முழு வரலாறும் ஒரே ஃபைலாகிவிடும். அந்த ஃபைலையே முகவரியாகக் கொடுத்து கிளோன் செய்யலாம், ஃபெட்ச் செய்யலாம், ரிமோட்டாகச் சேர்க்கலாம். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை தேதியைப் பெயராக வைத்து ஒன்று எடுத்து, வேறொரு ஃபோல்டரில் அதிலிருந்து கிளோன் செய்து, கிட் எஃப்எஸ்சிகே என்ற சோதனையை ஓட்டி, லாக் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் பென்டிரைவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன். போன சனிக்கிழமை அந்தப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் தன் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, அதை ஒரு ரிமோட்டாகச் சேர்த்து, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஃபெட்ச் அடித்தான்.